யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில்

யுத்தகால வேலைக்கென்று லொறி ஏறிப் போய்த் திரும்பாத என் அப்பாவுக்கு,

உங்கள் மகள் இப்போது வட்டகொடையில் டீச்சர். போன சனிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனேன். ஊரைச் சுற்றிக் காட்ட சவரிமுத்து என்று ஒரு பெரியவர் வந்தார். யுத்தத்தின்போது ராணுவ முகாமில் கிளாக்கராக இருந்தவராம்.

பழைய சிப்பாய்களின் கல்லறைகளைக் காட்டினார். முதல் உலக யுத்தத்தின் நினைவுக்கல்லில் இருந்த வெள்ளைக்காரப் பெயர்களைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். பிறகு காயம்பட்டவர்கள் படுத்திருந்த விடுதி. கடைசியாக, மலைச்சரிவில் புல் மூடிய ஒரு பள்ளம்.

"ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு வெட்டுன பதுங்குகுழி. தோட்டத்து ஆளுங்கதான் வெட்டுனாங்க. இங்க யாரும் சாகலை," என்றார்.

அப்பா, அதை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் காய்ச்சலில் இறந்ததாகவும் அடக்கம் செய்துவிட்டதாகவும்தான் நுவரெலியா முகாமிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. கூடவே உங்கள் சட்டை. பைக்குள்ளும் காலரிலும் செம்மண். "காச்சக்காரன் சட்டையில ஏன்டி இவ்வளவு மண்ணு?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் பக்கத்தில் போனேன்.

"யாராச்சும் செத்தாங்களான்னு நாங்க கேக்கவே இல்லீங்களே, ஐயா?"

"சும்மா சொன்னேன், டீச்சர்."

"எங்கப்பா இங்கதான் வேலைக்கு வந்தாரு. பேரு ஆரோக்கியம்."

கடிக்கப் போன ரொட்டியைத் திரும்பவும் காகிதத்தில் சுற்றினார்.

"மண்ணு சரிஞ்சிருச்சும்மா. மூணு பேரு. காய்ச்சல்னு எழுதச் சொன்னாங்க. எழுதுனது நான்தான்."

எனக்கு அழுகை வரவில்லை. "எங்க பொதைச்சாங்க?" என்றுதான் கேட்டேன். சைப்ரஸ் மரத்தடியைக் காட்டினார். மற்ற இரண்டு பேரின் பெயரையும் கேட்டுவிட்டு, புதைத்த இடத்தை மறுபடி கேட்டேன். இந்த முறை ஓடைப் பக்கம் கை நீட்டினார்.

மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா? மறைக்கிறவர் எங்களை ஏன் அந்தச் சரிவுக்கே கூட்டிப் போனார்? ஒருவேளை உங்களை வெளியே எடுக்கவே இல்லையா, அப்பா? கழற்றி வைத்திருந்த சட்டையை மட்டும்தான் எடுத்தார்களா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்லிவிடுவேன். அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மனுஷனால் இரண்டு இடம் காட்ட முடியாது.

உங்கள் மூத்த மகள்,
புஷ்பம்