கல் நகர்ந்த இடத்தில் ஒரு குளவி

என் ராசாத்தி அக்காவுக்கு,

மண்ணுக்குள்ளாவது நீ நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்திருந்தேன். அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்கள். நீ படுத்திருக்கும் இடத்தை உழுவதற்கு நாளை காலை பண்ணையாரின் டிராக்டர் வருகிறது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? உன்னை விட்டால் யாரிடம் சொல்வது?

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சென்னையில் சட்டம் போட்டதும், நம் தெருவில் முதல் பட்டா வாங்கியவள் நீ. அந்த ஆத்திரத்தில்தானே, நீ இறந்த அன்று பண்ணையார் சுடுகாட்டுக்குப் போகும் வரப்பை முள் வெட்டிப் போட்டு அடைத்தார்? பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம். கடைசியில் உன் கொல்லைக் கோடியில், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் உன்னைப் புதைத்தோம். உன் பேரில் உள்ள மண், யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

போன வாரம் தஞ்சாவூரில் அதிகாரிகள் நிலக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி. வரப்பைத் திறந்துவிடச் சொல்லி மனு கொடுக்கத் தெருவே பூதலூரில் ரயில் ஏறியது. காவலுக்கு ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்ற புத்தி ஒருவருக்கும் வரவில்லை. திரும்பி வந்தால், உனக்கு அந்தப் பக்கம் நின்ற கல் இந்தப் பக்கம் நிற்கிறது. ஒரு பாடை அகலம் நகர்த்தியிருக்கிறார்கள். கல் இருந்த பழைய குழியைத் தூர்த்து, தண்ணீர் தெளித்து, பெருக்கியும் விட்டிருந்தார்கள்.

கேட்டதற்குப் பண்ணையார் ஆளுங்கட்சிக் கரைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கல்லு இருந்த எடத்துலதான் இருக்கு. நீங்கதான்டா என் நெலத்துல பொணத்தப் பொதச்சிருக்கீங்க."

உன் குளவிகளை நினைவிருக்கிறதா? குளவி வீட்டில் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். உன் சுவரில் ஒன்றுகூடக் கட்டவில்லை. அதனால் அந்தக் கல்லடி மண்ணில் தனித்தனியாகப் பொந்து தோண்டும் கருங்குளவிகளை நீயாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாய். "அது சொவத்துல கட்டணும்டி, மண்ணத் தோண்டுனா நண்டுதான் பொறக்கும்" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை கேலி செய்வாள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஆனாலும் அங்கே யாரையும் கால் வைக்க விடமாட்டாய்.

ஜமாபந்திக்கு மறுநாள் காலை அந்தக் குளவிகளில் ஒன்று, கொட்டி மயக்கிய வெட்டுக்கிளியை இழுத்துக்கொண்டு வந்தது. நேராக வந்தது, இப்போது கல் நிற்கும் இடத்துக்கு. இரையைக் கீழே போட்டுவிட்டுத் தரையைப் பறித்தது. சுற்றிச் சுற்றி வந்தது, மறுபடியும் பறித்தது. கல்லை அடையாளம் வைத்துத்தான் அது வீடு திரும்பும் போலிருக்கிறது. பொந்து அங்கே இருந்தால்தானே? நான் உனக்கு அந்தப் பக்கம் போய் மண்ணைத் தடவிப் பார்த்தேன். தூர்த்த குழிக்குப் பக்கத்தில் அதன் பொந்து இருந்தது. உள்ளே இன்னொரு வெட்டுக்கிளி, அதன்மேல் நொய்யரிசி போல ஒரு முட்டை. அந்த வெட்டுக்கிளி சாகாமலும் ஓட முடியாமலும் கிடந்தது. காலை மட்டும் லேசாக அசைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. வெட்டுக்கிளிக்காக அழவில்லை.

ஊர்க்கணக்கு எழுதும் கர்ணத்திடம் ஓடினேன். "ஐயா, கல்ல நகத்துனதுக்கு அத்தாட்சி இருக்குங்க, ஒருதடவ வந்து பாருங்க" என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏன்டா, குளவியக் கூண்டுல ஏத்திச் சத்தியம் வாங்கச் சொல்றியா?" என்றார். அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் வீட்டுக்காரர் அதே பண்ணையில்தான் ஏர் பிடிக்கிறார். "விட்டுடு மாப்ளே. செத்தவளுக்கு எதுக்கு நெலம்? இருக்கறவங்க கஞ்சி குடிக்க வேணாமா?" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி தட்டுவதற்குக் கதவு இல்லை அக்கா. டிராக்டரைத் தடுத்துவிடுவேன் என்று வீறாப்பாகச் சொல்லமாட்டேன், என்னால் முடியுமா என்று தெரியாது. ஒன்றுதான் சத்தியம். பொழுது சாய்வதற்குள் பாயை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவேன். அது என்மேல் ஏறாமல் உன்மேல் ஏறாது. சின்ன வயதில் பக்கத்தில் படுத்தால் உதைத்துத் தள்ளுவாயே, இன்றைக்கு உதைக்காதே. கொஞ்சம் தள்ளிப் படு.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி