கல்லில் வெட்ட ஒரு சொல்

தோர்ன்பி, யார்க்ஷயர்

அன்பு நெவில்,

இங்கே நானும் ஹேஸலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். ரோரி பேச ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று எழுதவில்லை. மழை விடவில்லை, ஆனாலும் கிளிஃபின் குழிமேல் மண் படிந்துவிட்டது, இனிக் கல் நிறுத்தலாம். அதில்தான் தகராறு. உன் தங்கை ஹேஸல், கல்லில் அவர் பெயருக்குக் கீழே ‘டாட்’ என்று மட்டும் வெட்டச் சொன்னாள். தேவாலயத்துக் கல்லறையில் அந்தச் சொல் கூடாதாம், ‘ஃபாதர்’ என்றால் சரியாம். பாதிரியார் நம் சமையலறையில் தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். “வேதத்துலயும் பாட்டுலயும் வர்ற சொல் அது, ஜீன். டாட்ங்கிறது வீட்டுக்குள்ள கூப்பிடுறது. கல்லுக்கு ஆகாது” என்றார். ஹேஸலுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஃபாதர்னு எங்க வீட்ல யாரும் இருந்ததில்லீங்க. பள்ளிக்கூட விண்ணப்பத்துலதான் இருந்தார். குழாய் ஒழுகினா ஓடி வந்தவர் டாட்தான்” என்றாள். பாதிரியார் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். மேலே திருச்சபை நீதிபதியிடம் முறையிடலாமாம். பிள்ளைகள் எல்லோருக்கும் சம்மதமா என்றுதான் முதலில் கேட்பார்களாம். ஹேஸல் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உன்னைக் கேட்கப் பயமாக இருக்கிறது. நான் கிளிஃபை மணந்தபோது உனக்கு ஒன்பது வயது, உன்னைப் பெற்றவர் போன துக்கம் ஆறவில்லை. “நீ ஒண்ணும் என் டாட் இல்ல” என்று வாசலில் நின்று கத்தினாய். கிளிஃப் உன் சைக்கிளைச் சரிசெய்துகொண்டிருந்தார். “சரிப்பா, செயின் இறுக்கமா இருக்கான்னு பாரு” என்றார். அவ்வளவுதான். அதன்பின் அந்தச் சொல்லை அவரே உன்னிடம் சொன்னதில்லை. பிறகு ஹேஸல் பிறந்தாள். அவள் பிறந்தநாள் அட்டையில் ‘டாட்’ என்று கையெழுத்திடுவார், உன்னுடையதில் ‘கிளிஃப்’. உன்னுடையதில் எழுதும்போது மட்டும் பேனாவை மூடுவார், திறப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

“அவன் முடியாதுன்னு சொல்லட்டும்மா, அப்புறம் அவன் ஃபோனை நான் எடுக்கவே மாட்டேன்” என்கிறாள் ஹேஸல். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்காகக் கையெழுத்துப் போடாதே. அவளுக்காகவும் வேண்டாம். நீ தராத சொல்லை அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை, கல்லிலும் எடுக்கக் கூடாது.

ரோரிக்கு வெயிலில் தொப்பி போடு. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். சம்மதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், எப்படியானாலும் திருப்பி அனுப்பு. கல் வெட்டுகிறவரிடம் இப்போதைக்குப் பெயரை மட்டும் வெட்டி, கீழே இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா,
ஜீன்