போட்டோவின் ஓரத்தில் ஒரு முழங்கை

தேஹு ரோடு,
19 ஜனவரி 1986

அன்பு மருமகள் ஃப்ளோராவுக்கு,

தாய்மாமன் இன்பநாதன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தை ஆரோக்கியமேரியும் சுகம். பஹ்ரைனில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி ஏசியில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறோம்.

லீவுக்கு வந்த சேவியர் கையில் நீ கொடுத்தனுப்பிய வீடியோ கேம் பெட்டி வந்து சேர்ந்தது. பம்பாய் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டானாம். புனே சாம்பியன் இன்பநாதனுக்கு என்று சொன்னதும் எழுந்து நின்று சலாம் வைத்தானாம். சேவியர் இதைச் சொல்லவில்லை, அவன் கூச்ச சுபாவம். நானாகப் புரிந்துகொண்டேன்.

ஆனால் பெட்டியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இது சாமானே இல்லை. பக்வாஸ். புனே கேம்ப் கடைத்தெருவில், நம் வீடியோ கேம் பார்லரில் நின்றதே ராக்கெட் மெஷின், அதை நினைத்துப் பார். பீரோ உயரம். வண்டுகள் வரிசை வரிசையாக இறங்கும்போது தரை அதிரும், பக்கத்துக் கடை டீ கிளாஸ் ஆடும். சிவப்புக் கப்பல் குறுக்கே போனால் ஆம்பிளைகளே ஓரடி பின்வாங்குவார்கள். அட்டையில் அதே ஆட்டம் என்று அச்சடித்து உன்னை ஏமாற்றியிருக்கிறான். இதில் வண்டெல்லாம் மூட்டைப்பூச்சி. கப்பல் தேய்ந்துபோன லைஃப்பாய் சோப்பு. அதுவும் நம் கறுப்பு வெள்ளை டிவியில் சாம்பல் நிறத்தில் போகிறது. சத்தம் கொசு. அந்தப் பார்லர் மூடியதிலிருந்து உலகமே இப்படித்தான் சிறுத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒருத்தன் வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறான்.

குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் வந்து, சாம்பியன் ஆடிக் காட்டுங்கள் என்று கெஞ்சினார்கள். நான் தொடவில்லை. ஒரு லட்சம் பாயின்ட் எடுத்த விரல் இந்த டப்பாவைத் தொட்டால் கெட்டுப்போகும் என்று சொல்லி, சுவரில் இருக்கும் 1982 போட்டோவையும், கையில் கட்டியிருக்கும் பரிசு வாட்சையும் காட்டி அனுப்பினேன். வாயைப் பிளந்துகொண்டு போனார்கள்.

அத்தைக்கு மூட்டு வலி. தைலம் அனுப்பு. அது நல்ல சாமான்.

இப்படிக்கு,
இன்பநாதன்
புனே சாம்பியன், 1982


மனாமா,
16 பிப்ரவரி 1986

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

கடிதம் கிடைத்தது. தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெட்டி மட்டம் என்று எனக்கும் தெரியும் மாமா. கடை ஜன்னலில் அந்த அட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன், அன்றைக்கு டியூட்டிக்குக் கால்மணி நேரம் தாமதம். ஹாஸ்டலில் ஒரு மலையாளி அக்காவின் டிவியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்பினேன். வண்டுகள் சின்னவைதான். ஆனால் நான்காவது வரிசை இறங்கும்போது என் கை தானாக இடது பக்கம் போயிற்று. ஸ்கூல் விட்டு வந்து, உங்களோடு லோக்கல் ரயில் ஏறுவதற்காக நீங்கள் டோக்கன் விற்ற அந்தப் பார்லரில் எத்தனை சாயங்காலம் காத்திருந்தேன். தினம் ஒரு டோக்கன் உங்கள் காசில் போட்டுத் தருவீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அந்தப் போட்டோவின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். யூனிஃபார்ம் சட்டை, பஃப் கை. அது யாருடையது என்று வருகிறவர்கள் ஒருவர்கூடக் கேட்பதில்லையா?

அன்புடன்,
ஃப்ளோரா


தேஹு ரோடு,
27 ஏப்ரல் 1986

அன்பு ஃப்ளோராவுக்கு,

தைலம் வந்தது. அத்தை தடவிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறாள். உனக்காக ஞாயிறு பூசையில் மெழுகுவர்த்தி வைத்தாள்.

முழங்கையைப் பற்றிக் கேட்டாய். கூட்டமென்றால் பத்து முழங்கை வரத்தான் செய்யும். ஃப்ரேம் கடைக்காரன் கண்ணாடி அளவுக்கு வெட்டினான், அவன் வேலை சுத்தமில்லை. அதை விடு.

இங்கே ஒரு தொந்தரவு. தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் பட்டாபிராமன் இருக்கிறாரே, கணக்கு ஆபீஸ்காரர், அவர் உன் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டார். ஆகஸ்ட் 17 ஞாயிறு சங்க விழாவில், பெரிய கலர் டிவி வாடகைக்கு எடுத்து, மேடையில் என்னை ஆட வைக்கப்போகிறாராம். நோட்டீஸே அடித்துவிட்டார். 'ஒன்றரை லட்சம் பாயின்ட் எடுத்த வீரர் இன்பநாதன்' என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கு நான் வாய் தவறிச் சொன்னது, அவர் அப்படியே எழுதிக்கொண்டார். படித்தவர்களுக்கு எதையும் விசாரிக்கும் பழக்கம் கிடையாது.

எனக்குப் பயமில்லை. மெஷின் மெஷினாக இருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவேன். இந்த டப்பாவை மேடையில் தொடுவது எனக்குக் கேவலம், அவ்வளவுதான். நீ படித்தவள். ஆஸ்பத்திரித் தாளில், இங்கிலீஷில், இந்தப் பெட்டி தரமில்லாதது, சாம்பியன்கள் ஆடத் தக்கதல்ல என்று நாலு வரி டைப் அடித்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பு. என்ன ஸ்டாம்பானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
இன்பநாதன்
புனே சாம்பியன், 1982


மனாமா,
25 மே 1986

மாமா,

ஆஸ்பத்திரி ஸ்டாம்பை நோயாளிகளுக்குத்தான் குத்துவோம். சாம்பியன்களுக்குக் கிடையாது.

இத்தனை வருஷம் இதை எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை பார்லரில் போட்டி வைத்தார்கள். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மெஷின் முன்னால் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் நின்றது நான். நீங்கள் டோக்கன் மேசையை விட்டு எழுந்து வந்து, என் பக்கத்தில் கோலி சோடா பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சீட்டில் பெயர் எழுதும்போது, "பிள்ளே, உன் பேரைப் போட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க. மாமா பேரு இருக்கட்டும்" என்றீர்கள். நானும் சரி என்றேன். வாட்ச் உங்கள் கைக்குப் போயிற்று. போட்டோவில் நான் முழங்கை ஆனேன். பார்லரில் யாருக்கும் தெரியாமல் இல்லை, அந்தப் பார்லர்தான் இப்போது இல்லை.

எனக்கு இருபது வயது. இதுவரை வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் நகையைப் பற்றிக் கேட்டார்கள். ராக்கெட் மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆகஸ்டில் எனக்கு லீவு. விழாவுக்கு வருவேன். மைக்கைப் பிடித்து, அன்றைக்கு ஆடியது என் மருமகள் என்று ஒரு வரி சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் படி ஏற மாட்டேன். அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அந்த ஒரு வீடுதான். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஃப்ளோரா


தேஹு ரோடு,
6 ஜூலை 1986

என் கண்ணான மருமகளுக்கு,

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டவில்லை. அவளுக்கு மூட்டு வலி.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். யார் ஆடினால் என்ன, ஒரே ரத்தம்தானே. சோடா பிடிப்பது லேசான வேலை என்று நினைக்காதே. சரியான நேரத்தில் கொடுக்கத் தெரிய வேண்டும். அன்றைக்கு நான் இல்லாவிட்டால் உனக்குத் தொண்டை வறண்டு இருபதாயிரத்திலேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

இப்போது கேள். ஒரு மாதமாக இந்த டப்பாவை ஆராய்ந்து அதன் மர்மத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். செய்தவனுக்கே இது தெரிந்திருக்காது. பின்னால் இரண்டு ஓட்டை, அதில் செருகி ஆட இரண்டு குச்சி. ஒற்றை ஆள் ஆட்டத்தில் இடது ஓட்டைக்கு மட்டும்தான் உயிர். வலது ஓட்டையில் செருகின குச்சியை நீ எப்படித் திருகினாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே வலது குச்சி என் கையில், மேடையில். இடது குச்சியின் வயர் திரைக்குப் பின்னால் போகும். அங்கே நாற்காலி போட்டிருக்கும், நீ உட்கார்ந்து ஆடுவாய். திரையில் கைக்குட்டை அளவுக்கு ஓட்டையும் பார்த்து வைத்துவிட்டேன், அதன் வழியாக டிவி தெரியும். ஆட்டம் உன்னுடையது, கைதட்டல் குடும்பத்துக்கு. நோட்டீஸை இரண்டு லட்சம் என்று மாற்றச் சொல்லிவிட்டேன், உன் திறமைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வருகிற தேதியைத் தந்தி அடி. பம்பாய்க்கே வந்து கூட்டிப்போகிறேன்.

உன் தாய்மாமன்,
இன்பநாதன்
புனே சாம்பியன், 1982


தந்தி
மனாமா, 30 ஜூலை 1986

ஆகஸ்ட் 12 வருகிறேன். ஃப்ளோரா.


தேஹு ரோடு,
31 ஆகஸ்ட் 1986

ஃப்ளோராவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சேவியர் சொல்லித்தான் தெரிந்தது. ஐந்து நாள் என் வீட்டில் சாப்பிட்டாய். திரையைக் காட்டினேன், ஓட்டையைக் காட்டினேன், நாற்காலியைக் காட்டினேன். நீ வாயைத் திறக்கவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நீ பார்க்காத பக்கத்தையும் சொல்கிறேன். முந்நூறு பேர். அறுபது என்று பட்டாபிராமன் சொல்வார், அவருக்குக் கண் சரியில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு குச்சியைப் பிடித்தேன். வண்டுகள் இறங்கின. நான் இடது பக்கம் சாய்ந்தேன், வலது பக்கம் சாய்ந்தேன், ஒரு கால் தூக்கினேன். வண்டுகளைச் சுட வேண்டிய துப்பாக்கி இருந்த இடத்தில் இருக்கிறது. நடுவில் கட்டிவைத்த மாடு மாதிரி நிற்கிறது. செத்தது. இன்னொன்று வந்தது, அதுவும் செத்தது. வயர் கழன்றுவிட்டதோ என்று திரையை விலக்கிப் பார்த்தேன்.

நாற்காலியில் குச்சி இருந்தது, வயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தாய். பக்கத்தில் ஒரு கோலி சோடா. உடைக்காத முழு பாட்டில்.

திரும்பிப் பார்த்தால் நீ முன் வரிசையில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்க்கிறாய். மூன்றாவது துப்பாக்கியும் செத்தது. ஸ்கோர் சைபர். பட்டாபிராமன் மைக்கை என் கையில் கொடுத்தார். அந்த ஒரு வரி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சத்தியம். ஆனால் வாயிலிருந்து வந்தது, "கரண்ட் கம்மி" என்று. டியூப் லைட்டெல்லாம் பளபள என்று எரிந்துகொண்டிருந்தது. சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, நேராக ஸ்டேஷனுக்குப் போனாய்.

உன் அத்தை என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். "நான்தான அவளுக்கு யூனிஃபார்ம் தச்சேன், அந்தக் கையை எனக்குத் தெரியாதா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

எல்லாம் அந்த டப்பாவால் வந்தது. அசல் மெஷினாக இருந்தால் திரையாவது ஓட்டையாவது.

இன்பநாதன்


தேஹு ரோடு,
14 டிசம்பர் 1986

அன்பு ஃப்ளோராவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

போன மாதம் கேம்ப்பில் அந்தப் பழைய ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். நெகட்டிவ் இருக்காது என்றான். நான் போட்ட அதட்டலில் நடுங்கி மூன்று நாளில் எடுத்துக் கொடுத்தான். உண்மையில் நாலு தடவை நடந்தேன், கெஞ்சினேன். முழுசாகப் பெரிசு பண்ணி, வெட்டாமல் ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பிரதி ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். இரட்டைப் பின்னலும் யூனிஃபார்முமாக நீ குச்சியைப் பிடித்து நிற்கிறாய். கண் மெஷினைவிட்டு அசையவில்லை. நான் ஓரத்தில், சோடா பாட்டிலோடு, வாயைத் திறந்துகொண்டு. அழகாக விழவில்லை. போட்டோக்காரன் திறமை அவ்வளவுதான்.

போன ஞாயிறு பூசை முடிந்து சங்கத்துக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பட்டாபிராமனும் வந்தார். போட்டோவுக்குக் கீழே நின்று சொன்னேன்: "அன்னைக்கு ஆடினது என் மருமகதான். நான் சோடா புடிச்சேன்." மைக் இல்லை, ஆனால் சத்தமாகத்தான் சொன்னேன். பட்டாபிராமன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷம்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவையாக என்று வைத்துக்கொள். அத்தை எல்லாருக்கும் காபி கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள்.

அதோடு விடவில்லை. என் மருமகள் எடுத்தது மூன்று லட்சம், உலகத்திலேயே அதுதான் அதிகம் என்றும் சொன்னேன். நம்பினார்கள்.

வாட்சை சேவியர் கையில் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்னால் போகும். அது என் தப்பில்லை.

அந்தப் பெட்டியை இன்னும் பரணில் போடவில்லை. தினம் ஒரு தடவை அத்தை ஆடுகிறாள். மூட்டைப்பூச்சி ஆட்டம். எனக்குப் பார்க்கவே கேவலமாக இருக்கிறது. நேற்று ஆறாயிரம் எடுத்தாள்.

இப்படிக்கு,
டோக்கன் மேசை இன்பநாதன்


மனாமா,
18 ஜனவரி 1987

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

வாட்ச் வந்தது. கட்டியிருக்கிறேன். நாலு நிமிடம் இல்லை, ஏழு.

மூன்று லட்சம் இல்லை மாமா. எண்பத்து நான்காயிரத்து இருநூற்று அறுபது. வெட்டாத போட்டோவிலேயே, நீங்கள் பிடித்திருக்கும் சோடா பாட்டிலுக்கு மேலே தெரிகிறது. சங்கத்துக்காரர்களிடம் அதையும் சரியாகச் சொல்லிவிடுங்கள். கூட்ட வேண்டாம். அதுவே போதும்.

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறேன். அத்தையை இடது பக்கமிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஃப்ளோரா