நான் விட்டுவிட்ட கடைசிப் பத்தி

நேற்று உங்கள் மனைவி ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். உங்கள் அலுவலக அறையைக் காலி செய்தபோது கிடைத்ததாம். கயிற்றை அவிழ்த்ததும் ஆற்று வண்டலின் மணம் வந்தது. வெள்ளம் புகுந்த உங்கள் மர அலமாரியில் பின்னர் எதை வைத்தாலும் அந்த மணம் ஏறிக்கொண்டது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கட்டின் நடுவில், வெள்ளம் பாதித்த ஊர்களுக்கு வரிச் சலுகை தந்த ஆணையின் நகல் இருந்தது. இரண்டே பக்கம். பத்திரிகைக்கு நான் செய்தி எழுதிய அன்று இதில் ஒன்றரைப் பக்கம்தான் படித்தேன்.

பள்ளிபாளையத்தில் பாலத்துக்குப் போகும் சாலையில் இருந்தது உங்கள் ஒற்றை அறை. தறிக்கூடக்காரர்கள் எல்லாரும் உங்களை ஆடிட்டர் என்றார்கள். "ஆடிட்டருன்னா ஈரோட்டுல ஏசி ரூம்ல இருப்பாருங்க. நான் கணக்கு எழுதிப் போடற ஆளு" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவீர்கள். அடுத்தவர் உள்ளே வரும்போதே "ஏனுங்க ஆடிட்டரே" என்றுதான் வருவார்.

சேலத்திலிருந்து வரி பற்றி எந்தச் செய்தி எழுதினாலும் முதலில் உங்களைத்தான் தொலைபேசியில் அழைப்பேன். நான் ஆணையை வாசிப்பேன். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்பீர்கள். முடித்துவிட்டேன் என்று நான் நினைக்கும்போது, "கடைசிப் பத்தியப் படிங்க நிருபரே. மேல குடுத்தத அங்கதானுங்க திருப்பி வாங்கிக்குவாங்க" என்பீர்கள். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. ஒரு செய்திக்கும் திருத்தம் போட நேர்ந்ததில்லை. தவறில்லாமல் எழுதுகிறவன் என்ற பெயர் கிடைத்தது; உங்களால் வந்த அதை நான் எனக்கே உரியதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆடியில் மேட்டூரில் திறந்துவிட்ட நீர் ஆற்றோரத் தெருக்களில் புகுந்தது. தறிகளின் மோட்டார்கள் முழுக்க மூழ்கின. நீர் வடிந்து சில நாட்களில் அந்த ஆணை வந்தது. மற்ற பத்திரிகைகளுக்கு முன்பே எனக்குக் கிடைத்தது. அன்று உங்களை நான் அழைக்கவில்லை. சேறு வாரிக்கொண்டிருப்பார், தொந்தரவு வேண்டாம் என்று நினைத்ததாகப் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரம். "வெள்ளம் பாதித்த ஊர்களில் வரி கட்ட அவகாசம்" என்று எழுதினேன். தலைப்பும் அதுவே.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நீங்கள் அழைத்தீர்கள். கோபம் இல்லாத குரல். "கணக்குத் தாக்கல் பண்றதுக்குத்தானுங்க அவகாசம். வரிப் பணத்தப் பழைய தேதிக்கே கட்டோணும், இல்லீன்னா வட்டி உண்டுங்கறான். கடைசிப் பத்தியில இருக்குதுங்க." திருத்தம் போடுகிறேன் என்றேன். அன்று ஆசிரியரிடம் போய் நின்றபோது, "யாராவது புகார் சொன்னார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உங்களை நான் 'யாராவது' என்ற கணக்கில் சேர்க்கவில்லை. திருத்தம் வரவில்லை. உங்களிடம், பக்கத்தில் இடமில்லை என்று பொய் சொன்னேன்.

அந்த வாரம் முழுவதும் நீங்கள் தறிக்கூடம் தறிக்கூடமாக ஏறி இறங்கினீர்கள். "கணக்கு மெதுவாப் போட்டுக்கலாமுங்க, வரிய மட்டும் கட்டிருங்க." அவர்கள் என் செய்தியை நீட்டினார்கள். ஆற்றோரத்தில் எட்டுத் தறி வைத்திருந்த ராசாத்தி, "பேப்பர்லயே போட்டுருக்குதுங்க. நீங்க என்ன, பேப்பரவிடப் பெரியாளா?" என்று சிரித்ததை என்னிடம் சொல்லி நீங்களும் சிரித்தீர்கள். வரிக்கென்று வைத்திருந்த பணத்தை அவர் நனைந்த மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பிச்சுருள் கட்டக் கொடுத்துவிட்டார். பலரும் அதைத்தான் செய்தார்கள்.

வட்டி கேட்டு நோட்டீஸ் வந்த நாளில் உங்கள் அறையில் நானும் இருந்தேன். டீ வந்திருந்தது. ராசாத்தி காகிதத்தை மேசைமேல் போட்டார்.

"என்னுங்க இது? அவகாசம்னாங்க, இப்ப வட்டிங்கறாங்க!"

"நான் சொன்னனுங்களே அக்கா..."

"சொன்னா ஆச்சுங்களா? அழுத்திச் சொல்லோணுமில்ல? புடிச்சு உலுக்கிச் சொல்லியிருக்கோணும். அதுக்குத்தான உங்களுக்குக் காசு குடுக்கறோம்?"

நீங்கள் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் அவரும் திரும்புவார் என்று உங்களுக்குத் தெரியும். "ஆமாங்க அக்கா. நான் அழுத்திச் சொல்லல" என்றீர்கள். அவர் தன் கணக்குக் கோப்புகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

அவருக்குப் பின்னால் அந்தத் தெருவே போயிற்று. காத்திருக்க ஆள் இல்லாமல் அறையின் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அடுத்த ஆண்டும் வரிச் செய்திக்கு நான் உங்களை அழைத்தேன். நீங்களும் கேட்டீர்கள். அந்தத் திருத்தம் பற்றி இருவரும் பேசவில்லை.

நீங்கள் இறந்து, உங்களை எடுத்த அன்று வாசலில் நாற்காலிகளில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். "தங்கமான மனுசன். அந்த வெள்ளத்துலதான் கோட்டை விட்டுட்டாரு." நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். முப்பது ஆண்டுகள் அடுத்தவர் வாயிலிருந்து உண்மையை வரவழைத்தவனுக்கு, அன்று தன் வாயைத் திறக்க முடியவில்லை.

இன்று காலை ராசாத்தியின் தறிக்கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் அவரை வெளியே அழைத்து, தவறு என்னுடையது, ஆடிட்டருடையது அல்ல என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"தெரியுமுங்ணா. பேப்பர்ல தப்பாப் போட்டதுன்னு நோட்டீசு வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் அவரை...?"

"உங்க ஆபீசு சேலத்துல இருக்குது. அங்க வந்து கத்துனா வாட்ச்மேனே உள்ள உடமாட்டான். அவரு நடந்து போற தூரத்துல இருந்தாரு. என்ன சொன்னாலும் எதுத்துப் பேசமாட்டாரு. அதனால திட்டுனமுங்க." கையைத் துடைத்துக்கொண்டு, "பாவம்" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினேன். அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் எதிர்த்துப் பேசமாட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும். ஆசிரியர் முன்னால் நின்று "இல்லை" என்று சொன்னபோதே தெரியும். அதை நம்பித்தான் சொன்னேன். அந்தத் தெரு உங்களுக்குச் செய்ததை, அதற்கு முன்பே நான் செய்திருந்தேன்.