ஃபைனல் லிஸ்டில் இல்லாத பெயர்

மச்சான்,

இன்று சாயங்காலம் ஆபீஸில் கூட வேலை செய்கிற பாய் ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் பூண்டும் வெந்தயமும் கலந்த அந்த வாசனை. கடலூர் ஆபீஸே டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான்தான் டம்ளரை எடுக்கவில்லை. நீ போன பிறகு வருகிற முதல் ரம்ஜான் இது.

2006 ஞாபகம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் நம் பல்கலைக்கழகத்தில் துறைகளுக்கு இடையே கால்பந்துப் போட்டி முதன்முதலாகத் தொடங்கிய வருஷம். கோப்பை வந்துவிட்டது, கோல் கம்பத்துக்கு வலை வரவில்லை. பந்து உள்ளே போச்சா, வெளியே போச்சா என்று கோலுக்குக் கோல் சண்டை. நீ பரங்கிப்பேட்டையிலிருந்து பழைய மீன்வலையைச் சுருட்டி பஸ்ஸில் எடுத்துவந்தாய். கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தாராம். "நாத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான் மச்சான், ஆனா ஒரு கோல் தப்பிக்காது" என்றாய். அந்த சீசன் முழுக்க கோல்கீப்பர்கள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே நின்றார்கள்.

நான் வேதியியல் துறை கேப்டன், நீ லெஃப்ட் விங். "புடிடா அவனை" என்று எதிர் டீம் கத்துவதற்குள் நீ கார்னர் கொடிப் பக்கம் இருப்பாய். பாதி சீசனில் நோன்பு தொடங்கியது. நாலு மணி வெயிலில், ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் ஓடினாய். செமிஃபைனலில் கடைசிப் பத்து நிமிஷம் கால் பின்னிக்கொண்டு, கோட்டோரம் உட்கார்ந்துவிட்டாய்.

ஃபைனல் அன்று லிஸ்டில் உன் பெயரை அடித்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நோன்பு வச்சிருக்க, முடியாதுடா, ரெஸ்ட் எடு" என்றேன், ஏதோ உனக்கு உபகாரம் செய்கிற மாதிரி. இரக்கம் பாதிதான், மச்சான். உன்னால் தோற்றுவிடுவோமோ என்கிற பயம் மீதிப் பாதி. உன் முகம் அப்படியே வாடிப்போனது. பிறகு "சரி மச்சான், நீ சொன்னா சரி" என்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாய். வாய் இல்லையாடா உனக்கு? சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாமே! ஆட்டம் முழுக்க, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரோடு நின்றிருந்தாய். யாரென்று நான் கேட்கவும் இல்லை. ஒரு கோலில் தோற்றோம். அதுதான் நமக்குக் கடைசி வருஷம். அதற்கப்புறம் எத்தனையோ பேசினோம், அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

இந்த மார்ச்சில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டுப் பரங்கிப்பேட்டைக்கு ஓடிவந்தேன். உன் வாப்பா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பார்த்த முகமாக இருந்தது.

"தம்பிதானே கேப்டன்? ஃபைனல் அன்னைக்கு நானும் வந்திருந்தேன்பா. மறுநாள் எனக்கு சவுதிக்கு ஃப்ளைட். புள்ள ஆடுறத ஒரு தடவையாவது பாத்துட்டுப் போவணும்னு வந்தேன். கால் பிசகிடுச்சு வாப்பான்னுட்டான். கேப்டன் ஆடச் சொல்லிக் கெஞ்சுனான், நான்தான் மாட்டேன்னுட்டேன்னு சொன்னான். அப்பறம் அவன் ஆடி நான் பாக்கவே இல்ல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா வாப்பா, கெஞ்சுனேன்" என்றேன்.

"நல்ல மனசுப்பா உனக்கு" என்று என் கையைத் தடவிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய் அவரைப் பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். சொல்லாமலே திரும்பினேன். சொன்னால், நீ அவரிடம் பொய் சொன்னதாக ஆகிவிடும்.