ஏழு சதுர எழுத்து

ஜனவரி 12, திங்கள்
புயலில் மலை சரிந்து பாதையெல்லாம் மூடிக்கிடந்த வருஷம் முடிந்து இரண்டு கிழமை. தூறல். நான் சொல்ல மகள் ரீட்டா எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் மாத்தளையில் கடை போர்டுகளுக்கு எழுத்து வெட்டித்தான் சோறு தின்றேன். வரைந்து தந்த கோட்டிலிருந்து அறுக்கும் வாள் விலகாமல் இருந்தால் போதும்.

இப்போது மகன் அந்தோனி மெஷினில் வெட்டுகிறான். இன்று ஃபோன் கடைக்காரர் ஒருவர் தன் போர்டுக்கு ஒரு மாதிரி காட்டினார். தடித்த சதுர எழுத்து, வளைவே இல்லை, டிஜிட்டல் மணிக்கூட்டு இலக்கம் மாதிரி. "பழைய ஸ்டைல், அங்கிள். இப்ப திரும்ப ஓடுது," என்றார் சிங்களத்தில். எழும்பி வெளியே போய்விட்டேன்.

ஜனவரி 13
கால் வீக்கம் குறைவு. தின்ன வாங்கிய பாண் காய்ந்துபோயிருந்தது.

அதே எழுத்து. எண்பத்திமூன்று ஆடிக் கலவரம், தமிழன் கடையென்றால் எரித்தார்கள். மணிக்கூட்டுக் கடை முதலாளி கட்டத்தாளில் வரைந்து தந்தார். ஏழு எழுத்து. கடைசி எழுத்தை ஆணியடிக்கும்போது நாலு பேர் வந்தார்கள். அவர்கள் பேர் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சதுரத்தில் என்ன பாஷை என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஏணியோடு இழுத்துப் போட்டார்கள்.

"கியவபன்!" வாசிடா என்றான் ஒருவன்.

"வாசிக்கத் தெரியாதுங்க."

"வெட்டினவனுக்கே தெரியாதாம்!" சிரிப்பு.

என் வலது கையைப் படியில் அமுக்கிப் பிடித்தார்கள். வலது காதில் பாதி இல்லாத ஒருவன் அடித்தான், என் சுத்தியலாலேயே. எழுத்துக்கு ஒன்று. ஏழு அடி. பிறகு கடைக்கு நெருப்பு. முதலாளி உள்ளே. அவர் சத்தம் நின்றது எப்போது என்றும் தெரியும்.

அந்தோனி குடித்தால் கேட்பது ஒன்றுதான். "பேரச் சொல்லுங்கப்பா. ஒருத்தனையாச்சும் வெட்டிட்டு உள்ள போறேன்." வெறும் பேச்சில்லை. ஒருவனைக் குத்தி நாலு வருஷம் உள்ளே இருந்தவன். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

ஜனவரி 14
வெயில். போர்டு முடிந்தது. கடைக்காரர் தகப்பனையும் கூட்டி வந்தார். கைத்தடி, தடித்த கண்ணாடி. வலது காதில் பாதி இல்லை.

சுத்தியல் பிடித்தவன்.

அவன் எழுத்துகளைத் தடவினான். "ஹொந்தய்," நல்லா இருக்கு என்றான். என் விரல்களைப் பார்த்தான். "ஐயோ மாத்தயா," என்று ஐயா போட்டான், "மெஷின்ல மாட்டினதா?"

"ஆமாங்க, மெஷின்," என்றேன். மேசையில் உளி இருந்தது. அவன் கழுத்து ஒரு முழத்துக்குள். கையை இடுப்புச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் அந்தோனி மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கினான். "ஏன்பா கைய ஒளிச்சீங்க? அந்தக் கெழவனா? சொல்லுங்க, மண்டையப் பொளந்துடுறேன்!"

"அவனுங்க நாலு பேரும் எப்பவோ செத்துட்டானுங்கடா."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

அலவாங்கைச் சுவரில் எறிந்தான். ஓடு இரண்டு விழுந்தது.

ஜனவரி 15
காய்ச்சல். பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தது, தொடவில்லை. ரீட்டா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "மத்த மூணு பேரும் நெசமாவே செத்துட்டாங்களாப்பா?"

எழுதும்மா. எழுதி, உன் அலுமாரியில் பூட்டு. அண்ணன் கையில் கிடைக்கக் கூடாது. பியதாஸ லொறியில் அடிபட்டுச் செத்தான். ஜினதாஸவுக்குச் சிறுநீரக வியாதி. விமலசேன தூக்கு மாட்டிக்கொண்டான். உயிரோடு இருப்பது குணபால.