எனக்கு விளங்காத உங்கள் கடைசி நாவல்

என் அன்பு ஹாலினா அக்கா,

உங்கள் கடைசி நாவல் தப்பிப் பிழைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

இதை வாசிக்கும் பலருக்கு உங்களைத் தெரியாது. கொஞ்சம் அறிமுகம் செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவர் உக்ரைன் நாட்டு நாவலாசிரியர். முதல் நாவலைத் தடை செய்தார்கள், இரண்டாவது நாவலுக்காக வானொலி வேலையைப் பறித்தார்கள். நகரசபைத் தேர்தலில் வென்றார், நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார், தோற்ற கையோடு சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தார். போர் வந்தபோது நியூசிலாந்தில் இருந்த மகள் இரினாவிடம் ஒக்லாந்துக்கு வந்து, பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார். வந்த வாரமே போரை எதிர்த்து நகர நடுவில் உக்ரைன் கொடியோடு நின்றவரும் இவர்தான்.

பாட்டனி டவுன்ஸில் நான் வேலை செய்யும் கடையில் எனக்கு வியாழக்கிழமை ஓய்வு. அப்படி ஒரு வியாழன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டீர்கள். எழுதிய அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு உக்ரைன் மொழி தெரியக்கூடாது என்றீர்கள். வீட்டில் சொன்னதும் என் மனுசன் சிரித்தார்.

"உமக்கு அது விளங்குமோ?"

"விளங்காது. அதுக்குத்தான் கூப்பிடுறா."

மொழி தெரிந்தவர்கள் கதையைக் கேட்பார்கள், நீ என் குரலைக் கேள் என்பது உங்கள் கணக்கு. மேடையேறிப் பழகிய குரல் நாவலுக்குள்ளும் மைக் பிடித்துவிடும் என்று உங்களுக்கே பயம் இருந்தது. அந்த இடம் வந்தால் கையைத் தூக்கச் சொன்னீர்கள். முதல் நாளே தூக்கினேன், அடுத்த பக்கத்தில் மறுபடியும் தூக்கினேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து, இனி என்னைக் கூப்பிடமாட்டீர்கள் என்று நினைத்தேன். அடுத்த வியாழன் தேத்தண்ணீர் ஊற்றி வைத்துக் காத்திருந்தீர்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் என் அண்ணா ஒரு கூட்டத்தில் ஒரு பேச்சைக் கேட்டான். அந்தக் கிழமையே இயக்கத்துக்குப் போனான், திரும்பி வரவில்லை. அந்தக் கூட்டத்தில் அவன் பக்கத்தில் நானும் நின்றேன். சொற்கள் எல்லாம் மறந்துபோயின, ஏறி இறங்கிய அந்தக் குரல் மட்டும் மறக்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் கையிலிருந்த பக்கம் முழுவதையும் பேனாவால் குறுக்கே வெட்டினீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு அக்கா ஆனீர்கள்.

அதற்காக நீங்கள் மேடையை விட்டுவிடவுமில்லை. மேடையில் சனம் என்னோடு சேரவேண்டும், நாவலில் சனம் தனியாக யோசிக்கவேண்டும் என்பீர்கள். உங்களால் மட்டும் எப்படி இரண்டையும் செய்ய முடிந்தது?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பதிப்பகம் இரினாவுக்கு எழுதியது. கடைசி அத்தியாயம் மிகவும் அடங்கி முடிகிறதாம், போர்க்காலத்துக்கு அது போதாதாம். அதை எடுத்துவிட்டு, முன்பு உங்கள் ஊர்ச் சதுக்கத்தில் நீங்கள் பேசிய பெயர்போன உரையைப் போடலாமா என்று கேட்டார்கள். இரினா பாதி சம்மதித்தே விட்டாள். நான் அவளைப் பிழை சொல்லமாட்டேன். அவளுடைய தோழிகள் இன்றைக்கும் அங்கே குண்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் படுக்கிறார்கள்.

ஆனாலும் மனம் கேட்காமல், ஒரு வியாழன் அவளே என்னைக் கூப்பிட்டாள். உங்கள் கதிரையில் உட்கார்ந்து இரண்டையும் வாசித்தாள், எது எதுவென்று சொல்லவில்லை. முதலாவதில் நாலு வரி போகமுன்பே என் கை மேலே போய்விட்டது. நல்ல பேச்சு அக்கா, எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதனால்தான் தூக்கினேன். இரண்டாவதில் கை மடியிலேயே கிடந்தது.

இதில் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"ஒரு பேச்சைக் கேட்டுச் சண்டைக்குப் போன மகன் திரும்பி வருகிறான்," என்றாள் இரினா. "கழுவின நிலத்தில் சேற்றுச் சப்பாத்தோடு நிற்காதே என்று தாய் ஏசுகிறாள். அவ்வளவுதான். அம்மா இதை உங்களுக்கு வாசிக்கவே இல்லையா?"

இல்லை. இதை மட்டும் ஏன் மறைத்தீர்கள்? எங்கள் அம்மாவும் அப்படித்தான் ஏசியிருப்பா. ஏசக் கிடைக்காமலே செத்துப்போனா. அன்று உங்கள் மகளுக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

ஒரு வரியும் மாறக்கூடாது என்று இரினா அன்றே எழுதினாள். பதிப்பகம் ஒத்துக்கொண்டது. உரையைத் தனியாகச் சிறு புத்தகமாகப் போடுகிறார்கள், அதுவும் நல்லதுதான்.

நகர நடுவில் உங்கள் கொடியை இப்போது நான் பிடிக்கிறேன், அங்கே தொண்டை கிழியக் கத்துகிறேன். இரினாவும் எழுதத் தொடங்கிவிட்டாள், வியாழக்கிழமைகளில் எனக்குத்தான் வாசிக்கிறாள். அவள் குரல் மைக் பிடித்தால் கையைத் தூக்குவேன் அக்கா. உங்கள் மகள் என்று பார்க்கமாட்டேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
சிவமலர்